தபாலில் விளையாட்டு வீரர்களின் ஆட்டோகிராஃப்: கடலூர், புதுச்சேரியிலிருந்து தொடங்குபவர்களுக்கு முழு வழிகாட்டி

ஒரு விளையாட்டு வீரருக்குக் கடிதம் எழுதுகிறோம். கையெழுத்துப் போட வேண்டிய அட்டையையும், நம் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரையும் அதோடு வைத்து அனுப்புகிறோம். அவர் கையெழுத்துப் போட்டு, அந்தக் கவரிலேயே வைத்து ஒட்டி, தபால் பெட்டியில் சேர்க்கிறார். கடலூரிலோ புதுச்சேரியிலோ இருப்பவருக்கு ஆட்டக்காரர்கள் தங்கும் ஹோட்டல் வாசலும் பயிற்சி மைதானமும் தூரம். தபால் எல்லோருக்கும் ஒரே தூரம்தான்.

கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் ஒரே அளவுகோல். கவரைப் பிரித்தவர் நாற்காலியை விட்டு எழாமல் ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்க வேண்டும். பேனா தேட வைத்தால், கவர் வாங்க வைத்தால், எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று யோசிக்க வைத்தால், கடிதம் மேசை டிராயருக்குள் போகும். டிராயருக்குள் போனது வெளியே வருவது அபூர்வம்.

முதலில் கருப்பொருள்

"கிடைக்கிற எல்லாக் கையெழுத்தும்" என்று தொடங்கினால் ஐந்தாறு மாதத்தில் சலித்துவிடும். ஒரு அணி, ஒரு போட்டி, ஒரு ஊர் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். எல்லை இருந்தால்தான் யாருக்கு எழுதுவது என்ற பட்டியல் கிடைக்கும், எப்போது முடியும் என்று தெரியும். அதைவிட முக்கியம், கடிதத்தில் எழுத ஒரு காரணம் கிடைக்கும். "உங்கள் ரசிகன், கையெழுத்து வேண்டும்" என்பதை அவர்கள் நூறு முறை படித்திருப்பார்கள். "அந்த அணியில் ஆடியவர்களை மட்டும் சேர்க்கிறேன், இன்னும் மூன்று பேர் பாக்கி, அதில் நீங்கள் ஒருவர்" என்று எழுதினால் வாசிப்பவருக்குத் தன் இடம் புரியும்.

நம் பகுதிக்குப் பொருந்தும் சில கருப்பொருள்கள். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என வென்று தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை முதன்முறையாக வாங்கிய தமிழ்நாடு அணி; கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடிய அணி அது. சொந்த மாவட்டத்துப் பெயர் ஒன்று இருப்பதால் கடிதம் தானாகவே உயிரோடு வரும். 1987–88-ல் எஸ். வாசுதேவன் தலைமையில் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாடு கிரிக்கெட் அணி இன்னொன்று. புதுச்சேரிக்காரர்கள் 2018–19-ஐ எடுத்துக்கொள்ளலாம். ரஞ்சிக்குள் அந்த ஆண்டு வந்த ஒன்பது புதிய அணிகளில் புதுச்சேரியும் ஒன்று. அந்த முதல் சீசனில் களமிறங்கியவர்கள் என்றால் கைக்கடக்கமான பட்டியல்.

சதுரங்கம் பிடிக்கும் என்றால் தமிழ்நாட்டைப் போல வளமான நிலம் வேறில்லை. 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். சதுரங்கத்தில் இன்னொரு வசதி, புகைப்படமே தேவையில்லை. அவர் வென்ற ஓர் ஆட்டத்தின் முக்கிய நிலையைக் கட்டப்படமாக அச்சிட்டு அனுப்பலாம். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன 14-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்த அந்த நிலை, கறுப்பு வெள்ளையில் ஓர் அட்டை நடுவில். சுற்றிலும் வெள்ளை இடம். கையெழுத்துக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது. அட்டையைப் பார்த்ததும் அவருக்கு அந்த ஆட்டம் நினைவுக்கு வரும்.

பட்டியலை எழுதும்போதே ஒன்றைச் சரிபாருங்கள். 1983-ல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் 14 பேர்; அதில் யஷ்பால் சர்மா 2021-ல் காலமாகிவிட்டார். அந்தக் கருப்பொருளைத் தபாலில் மட்டும் முழுமையாக முடிக்க இனி வழியில்லை. முடிக்க முடியாது என்று தெரிந்தும் தொடங்கலாம், ஆனால் தெரிந்து தொடங்குங்கள். பழைய அணி என்றால் வயதில் மூத்தவர்களுக்கு முதலில் எழுதுங்கள். இன்றைய நட்சத்திரங்களுக்குக் கடைசியில் எழுதினால் போதும். அவர்களுக்கு மூட்டை மூட்டையாகத் தபால் வரும், பதில் வரும் வாய்ப்பும் குறைவு. ஓய்வுபெற்றவர்கள், மாநில அளவில் ஆடியவர்கள், அதிகம் பேசப்படாத ஆட்டங்களில் இருப்பவர்கள் மனமுவந்து பதில் எழுதுகிறார்கள். சிலர் இரண்டு வரி சேர்த்தே எழுதுவார்கள். முதல் பட்டியல் 12 பேருக்கு மேல் வேண்டாம்.

விலாசம்: வீடு வேண்டாம், அலுவலகம்

வீட்டு விலாசத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்து அனுப்பாதீர்கள். அது அவருக்குத் தொந்தரவு, சில நேரம் பயமும்கூட. சங்கம், கிளப், அகாடமி, வேலை பார்க்கும் அலுவலகம் என்று பொதுவில் உள்ள முகவரிகளே போதும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நிறைய வீரர்கள் ரயில்வே, காவல்துறை, வங்கி, வருமான வரி, சுங்கம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் என்று ஏதாவது ஒன்றில் வேலையில் இருப்பார்கள். அந்த அலுவலகத்தின் விளையாட்டுப் பிரிவுக்கு, பெயருக்குக் கீழே "மே/பா விளையாட்டு அலுவலர்" என்று போட்டு எழுதினால் பெரும்பாலும் கைக்குப் போய்ச் சேரும். மாநில சங்கத்துக்கு எழுதுவதைவிட இது மேல். சங்கத்தில் ஒரு சீசனுக்கு ஒருமுறைதான் அவர் தலைகாட்டுவார். அலுவலகத்துக்குத் தினமும் இல்லாவிட்டாலும் அடிக்கடி போவார்.

அலுவலகம் தெரியாவிட்டால் சங்கம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சென்னை சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் மைதானத்தில், பின்கோடு 600005. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு புதுதில்லி துவாரகா செக்டார் 19-ல் உள்ள ஃபுட்பால் ஹவுஸ். சதுரங்க வீரர் என்றால் அவர் பயிற்சி பெறும் அல்லது நடத்தும் அகாடமி. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எழுதுவதானால், கடிதத்தைப் பெற்றோர் அல்லது பயிற்சியாளர் பெயருக்கு எழுதி, அவர்கள் மூலமாகவே கேளுங்கள்.

வெளிக்கவரில் அனுப்புநர் விலாசம் கண்டிப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் கவர் பட்டுவாடா ஆகாவிட்டால் நம் வீட்டுக்கு வராது, உரிமையாளர் தெரியாத தபால்களைப் பிரித்துப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போய்விடும். கடலூர்க்காரர்கள் வெறும் "கடலூர்" என்று எழுதி விட்டுவிடக் கூடாது. மஞ்சக்குப்பம் 607001, திருப்பாப்புலியூர் 607002, முதுநகர் என்கிற ஓ.டி. 607003. புதுச்சேரி தலைமை அஞ்சலகம் 605001, ஆனால் காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. "புதுச்சேரி" என்று எழுதிவிட்டு காரைக்கால் பின்கோடைப் போட்டால் கவர் எங்கே போவது என்று திண்டாடும். பதில் கவரில் நம் விலாசத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மும்பையிலோ சண்டிகரிலோ தபாலை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குபவர் தமிழ் படிக்கமாட்டார்.

அட்டையும் மையும்

பலரும் செய்யும் தவறு ஸ்டூடியோவில் பளபளப்பான மேக்ஸி சைஸ் படம் போட்டு அனுப்புவது. பளபளத் தாளில் பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா மை காயாமல் இழுபடும். அவர் கையெழுத்துப் போட்ட கையோடு கவரில் செருகினால் மை பக்கத்துப் படத்தில் ஒட்டி இரண்டும் வீண். பெர்மனென்ட் மார்க்கர் இருந்தால்தான் வேலை ஆகும். அது எல்லோர் மேசையிலும் இருக்காது.

அதற்குப் பதில் டிஜிட்டல் பிரிண்டிங் கடைக்குப் போங்கள். 12×18 அங்குலத் தாளில்தான் அவர்கள் அச்சிடுவார்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேட், அதாவது பளபளப்பில்லாத, ஆர்ட் கார்டு என்று கேளுங்கள். ஒரு தாளில் 4×6 அளவில் கணக்குப்படி ஒன்பது படம் அடங்கும். ஓரத்தில் அச்சு விழாத விளிம்பு இருப்பதால் ஒவ்வொன்றையும் 3.8×5.8 என்று சற்றுக் குறைத்து அடுக்கச் சொன்னால் வெட்டும்போது தலை போகாது. லேமினேஷன் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். விசிட்டிங் கார்டு போலப் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள்; லேமினேஷன் மேல் எந்தச் சாதாரணப் பேனாவும் நிற்காது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம். முகம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, வெளிர் நிறப் பரப்பு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வானம், வெள்ளைச் சீருடை, மணல் நிற ஆடுகளம் இருந்தால் நீலக் கையெழுத்து எடுப்பாகத் தெரியும். கருநீலச் சீருடையும் இரவு மைதானமும் நிறைந்த படம் என்றால் கீழே ஒரு அங்குலம் வெள்ளைப் பட்டை விட்டு அச்சிடுங்கள். அந்தப் பட்டையில் எதையும் எழுதாதீர்கள். காலியான இடம் கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போகும்.

படம் வேண்டாம் என்பவர்களுக்கு 3×5 அங்குல வெள்ளை அட்டை. அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை வெட்டிய மிச்சமாக ஐவரி போர்டு துண்டுகள் கிடக்கும். 250 ஜிஎஸ்எம் துண்டுகளைக் கேட்டு, அங்கேயே உள்ள கில்லட்டினில் (தாள் வெட்டும் இயந்திரம்) சீராக வெட்டித் தரச் சொல்லுங்கள். பால்பாயின்ட், மைப்பேனா எல்லாம் இதில் அழகாக விழும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் மீது கண் போகும். அழகான தாள்தான், கையெழுத்து வாங்க வேண்டாம், மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் மார்க்கர் மை இழை இழையாகக் கசியும். பிறகு ஆல்பத்தில் அட்டையைப் பதிக்கும் பின்தாளாக அதைப் பயன்படுத்துங்கள்.

பழைய கிரிக்கெட் கார்டு, பத்திரிகை அட்டை போன்ற பளபளப்பான பொருளையே அனுப்ப வேண்டுமானால், கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் வெள்ளை அழிப்பானால் மிக லேசாகத் தேய்த்து, குழந்தைப் பவுடர் துளி தொட்டுப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய், மை முத்து முத்தாகத் திரளாமல் படியும். இதற்கு மார்க்கரும் சேர்த்து அனுப்ப வேண்டும். "சிடி மார்க்கர்" என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய முனை பெர்மனென்ட் மார்க்கர் போதும், நீல நிறம். அச்சில் கறுப்பு கலந்திருக்கும், அதனால் கறுப்புக் கையெழுத்து அச்சோடு அச்சாகத் தோன்றும். மார்க்கரைக் கவருக்குள் தளர்வாகப் போடாதீர்கள். ஸ்டாம்ப் மேல் முத்திரை ஓங்கிக் குத்தும்போது உடைந்து, மை ஊறி எல்லாவற்றையும் நாசமாக்கும். ஸ்டாம்புக்கு எதிர் மூலையில், அட்டையோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

ஒருவருக்கு இரண்டு அட்டை. மூன்றுக்கு மேல் போனால் வியாபாரி என்று நினைப்பார்கள். ஒன்றே ஒன்று வைத்திருக்கும் பொருளை, தாத்தா காலத்துப் பிரதியை, எந்தக் காரணத்துக்காகவும் தபாலில் அனுப்பாதீர்கள்.

கவர், எடை, ஸ்டாம்ப்

பதில் கவர் 7×5 அங்குலம், பத்திரிகைக் கவர் அளவு. வெளிக்கவர் 9×6. கடிதத்தைத் தவிர உள்ளே போகும் எதையும் மடிக்கத் தேவையிராது. விறைப்புக்கு 4×6 அளவில் ஓர் அட்டை. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை அல்லது சட்டைப் பெட்டியில் வரும் அட்டை போதும்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். வெளிக்கவர் ஏறத்தாழ 7 கிராம், பதில் கவர் 5, ஏ4 கடிதம் 5, இரண்டு ஆர்ட் கார்டு படம் 9, விறைப்பு அட்டை 9. மொத்தம் 35. சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராமுக்கு 5 ரூபாய் என்ற கணக்கில் இது 10 ரூபாய் ஸ்டாம்ப். திரும்பி வரும்போது கடிதமும் வெளிக்கவரும் இருக்காது, 23 கிராம்தான். ஆனால் 20-ஐத் தாண்டியதால் அதுவும் 10 ரூபாய். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், "திரும்பி வருவது லேசாக இருக்கும்" என்று 5 ரூபாய் ஒட்டுகிறார்கள். ஸ்டாம்பில் எவ்வளவு குறைகிறதோ அதைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். பதில் கவரில் குறைந்தால் நம் வாசலில் நாம் கட்டுகிறோம், பரவாயில்லை. வெளிக்கவரில் குறைந்தால் அந்த வீரர் காசு கட்டி நம் கடிதத்தை வாங்க வேண்டியிருக்கும். யார் வாங்குவார்? முதல் கவரைத் தபால் நிலைய கவுன்டரில் எடை போட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதம் தண்ணீர் இழுத்து ஓரிரு கிராம் கூடும், எடை 40-ஐ ஒட்டி இருந்தால் 5 ரூபாய் கூடுதலாக ஒட்டிவிடுங்கள்.

12 பேருக்கு, போக வர, ஸ்டாம்ப் செலவு 240 ரூபாய்.

வெளிக்கவரை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாமா? பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதனால் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க இப்போது இதுதான் வழி. அலுவலக முகவரிக்கு இது பயன்படும், தபால் பிரிவில் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தனி ஆளுக்கு வேண்டாம். ஆளில்லாத நேரத்தில் வந்து கையொப்பம் கேட்டு அலைக்கழிக்கும். பதில் கவருக்கு ஸ்பீட் போஸ்ட் பேச்சுக்கே இடமில்லை, அதைப் பதிவுசெய்ய அவர் கவுன்டருக்குப் போக வேண்டும்.

உள்ளே அடுக்கும் முறை: விறைப்பு அட்டை ஸ்டாம்ப் இருக்கும் பக்கம், அதற்குப் பின்னால் படங்கள், அச்சான முகம் அட்டையைப் பார்க்காமல் கடிதத்தைப் பார்த்தபடி. முத்திரை விழும்போது அடியை அட்டை வாங்கிக்கொள்ளும். கடலோர ஈரப்பதத்தில் இன்னொரு சங்கடம், பதில் கவரின் மடிப்புக் கோந்து வழியிலேயே தானாக ஒட்டிக்கொள்ளும். அவர் பிரிக்கும்போது கவர் கிழிந்தால் கதை முடிந்தது. மடிப்புக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டர் பேப்பர் துண்டைச் செருகுங்கள். வாங்கி வைத்த ஸ்டாம்ப் தாள்களுக்கு நடுவிலும் இதே பட்டர் பேப்பர். பதில் கவரில் ஒட்டும் ஸ்டாம்புக்குக் கோந்து கூடுதலாகத் தடவுங்கள், உரிந்து விழுந்தால் அதற்கு மாற்று இல்லை.

பதில் கவரின் மடிப்புக்குள் பென்சிலில் ஒரு எண் எழுதுங்கள். பட்டியலில் அவருக்குக் கொடுத்த எண். வெள்ளை அட்டையில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து வரும், அது யாருடையது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்குத் தெரியாது. அந்த எண் சொல்லும்.

கடிதம்

ஒரே பக்கம், கையால் எழுதியது. தமிழ் தெரிந்தவருக்குத் தமிழில், மற்றவருக்கு ஆங்கிலத்தில். மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய சகோதரிக்கு, வணக்கம். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2018-ல் கட்டாக்கில் கோப்பை வென்ற தமிழ்நாடு அணியில் ஆடியவர்களின் கையெழுத்தை மட்டும் சேர்த்து வருகிறேன். இதுவரை நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். இத்துடன் இரண்டு அட்டைகள் வைத்துள்ளேன். ஒன்றில் என் பெயரைக் குறிப்பிட்டும் இன்னொன்றில் வெறுமனேயும் கையெழுத்திட்டு, இணைத்துள்ள கவரில் அனுப்பினால் மிகவும் மகிழ்வேன். அந்த இறுதி ஆட்டத்தில் உங்களுக்கு எந்தத் தருணம் இன்னும் நினைவில் நிற்கிறது? நேரமிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். நன்றியுடன்..."

இதில் கவனிக்க வேண்டியவை சில. நாம் யார், எங்கிருந்து என்பது முதல் வரியில். கருப்பொருள் இரண்டாவதில். கோரிக்கை தெளிவாக, எத்தனை அட்டை என்று எண்ணோடு. நம் பெயரைப் போட்டுக் கேட்பது விற்பதற்கு இல்லை என்று அவருக்குச் சொல்லாமல் சொல்லும். கேள்வி ஒன்றே ஒன்று, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. சம்பளம், சர்ச்சை, தேர்வுக்குழு பற்றி எதுவும் வேண்டாம். பணமும் பரிசும் வைக்காதீர்கள், "உடனே அனுப்பவும்" என்று எழுதாதீர்கள். சீனியர் வீரருக்கு "ஐயா" போதும், "தலைவரே", "தெய்வமே" எல்லாம் கடிதத்தை இலேசாக்கிவிடும். எழுதும் ஆட்டத்தின் ஆண்டும் எதிரணியும் சரியா என்று இரண்டு முறை பாருங்கள். தான் ஆடாத ஆட்டத்துக்காகப் பாராட்டப்படுபவர் கடிதத்தை மேலே படிக்கமாட்டார்.

எப்போது அனுப்புவது

ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் வீரருக்கு ஐபிஎல், ரஞ்சி நடக்கும் மாதங்களில் எழுதினால் கடிதம் சங்கத்தில் தேங்கும். சீசன் முடிந்த பிறகு எழுதுங்கள். ஓய்வுபெற்றவருக்கு எந்த மாதமும் சரி. நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பதில் வந்து வெளி கேட்டில் செருகப்பட்டு நனைந்தால் அத்தனை உழைப்பும் போச்சு. தபால் பெட்டியைக் கூரைக்கு அடியில் மாட்டுங்கள். நனையக் கூடாத கவர் வரும் என்று தபால்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர்கள் அக்கறையோடு கதவைத் தட்டிக் கொடுப்பார்கள்.

ஒரு நோட்டில் வரிசை எண், பெயர், எந்த முகவரி, அனுப்பிய தேதி, என்ன வைத்தோம், ஒட்டிய ஸ்டாம்ப், வந்த தேதி. மூன்று வாரத்திலும் வரும், ஒன்றரை வருடம் கழித்தும் வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை வேறு முகவரிக்கு எழுதலாம். அதற்கு மேல் நச்சரிப்பு.

வெளிநாட்டுக்கு

அடிப்படைச் சிக்கல் இதுதான்: பதில் கவரில் இந்திய ஸ்டாம்ப் செல்லாது, அந்த நாட்டு ஸ்டாம்ப்தான் வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை. பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. அவர்களிடம் சர்வதேசக் கடித ஸ்டாம்ப் நான்கைந்து வாங்கி அனுப்பச் சொல்லலாம். 1998 கால்பந்து உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலை 3–0 என வென்ற பிரான்ஸ் அணியைக் கருப்பொருளாக எடுத்தால், கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதித் தர ஆளும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். அமெரிக்காவில் "குளோபல் ஃபாரெவர்" என்ற ஸ்டாம்ப் உண்டு. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரை எந்த நாட்டுக்கும் ஒன்று போதும், கட்டணம் உயர்ந்தாலும் பழையது செல்லும். பேஸ்பால் ரசிகர்கள் பிப்ரவரி, மார்ச்சில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் பயிற்சி முகாம்களுக்கு எழுதுவார்கள், வீரர்கள் நிதானமாக இருக்கும் காலம் அது. பிரிட்டனுக்கு அனுப்பும்போது எச்சரிக்கை: ராணி தலை போட்ட பழைய சாதாரண ஸ்டாம்புகள் 2023 முதல் செல்லாது, பார்கோடு உள்ளவைதான் வேண்டும். அண்ணன் பெட்டியில் கிடந்த பழைய ஸ்டாம்பை ஒட்டினால் கவர் மாட்டிக்கொள்ளும்.

ஜெர்மனி தனி ரகம். அங்கே கால்பந்து கிளப்புகள் வீரர்களின் படம் போட்ட ஆட்டோகிராஃப் அட்டைகளைத் தாங்களே அச்சிட்டு வைத்திருப்பார்கள். படம் அனுப்பத் தேவையில்லை, கடிதமும் பதில் கவரும் மட்டும் போதும், எடையும் குறையும். ஆனால் சில அட்டைகளில் கையெழுத்தே அச்சாக வரும். அது எப்படித் தெரியும் என்பது அடுத்து.

வெளிநாட்டுப் பதில் கவரில் கடைசி வரியில் "இந்தியா" என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத மறக்காதீர்கள். போகும் கவரை கவுன்டரில் எடை போட்டு, சுங்கப் படிவம் தேவையா என்று கேட்டு அனுப்புங்கள்.

வந்தது அசலா

எல்லாம் கைப்பட வந்துவிடாது. அச்சிட்டது, ரப்பர் முத்திரை, உதவியாளர் போட்டது, இயந்திரக் கை போட்டது என்று நாலு வகைப் போலி. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சு என்றால் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்து தெரியும். பேனா மை தாளின் மேல் ஒரு படலமாக நிற்கும், சாய்த்துப் பிடித்தால் மின்னும். கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் அடர்த்தி கூடும். ரப்பர் முத்திரையில் ஓரங்களில் மை பிதுங்கி நடுவில் வெளிறும். இயந்திரக் கையில் தொடக்கமும் முடிவும் ஒரே அழுத்தத்தில் மொட்டையாக, புள்ளி வைத்தது போல இருக்கும். நாம் இரண்டு அட்டை அனுப்பியதன் பயன் இங்கே. இரண்டையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்; மயிரிழை பிசகாமல் பொருந்தினால் மனிதக் கை போட்டது கிடையாது. உதவியாளர் போட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நேரில் வாங்கிய கையெழுத்துகளின் படங்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

கையெழுத்து இல்லாமல் கவர் திரும்பி வந்தால், மேலே எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள். "முகவரி போதாது" என்றால் திருத்தி மறுபடி அனுப்பலாம். "இடம் மாறிவிட்டார்" என்றால் புது அலுவலகம் தேடுங்கள். "வாங்க மறுத்தார்" என்றால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டு, விட்டுவிடுங்கள்.

வந்த அன்றே 50 பைசா அஞ்சலட்டையில் நன்றி எழுதிப் போடுங்கள். அதில் வேறு எதுவும் கேட்காதீர்கள்.

உப்புக் காற்றில் காப்பது

கையெழுத்துக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது நம் கடற்கரை ஈரம். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் ஸ்கேன் எடுத்த நகலை மாட்டுங்கள். 600 டிபிஐ ஸ்கேன், முன்னும் பின்னும். அசலை லேமினேட் செய்யவே கூடாது. ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய போட்டோ ஆல்பமும் வேண்டாம், பசை சில வருடத்தில் மஞ்சளாகி அட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வாசனை தூக்கலாக வரும் பிவிசி ஃபைல் மையை உறிஞ்சும். பாலிபுரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

உறைகளை நிற்கவைத்து, மூடி இறுக்கமான பெட்டியில் அடுக்கி, இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஆரஞ்சு நிற மணி பச்சையானால் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும். அதற்குப் பயந்து பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் மையையும் கெடுக்கும்; அலமாரியின் கீழ்த்தட்டில், பெட்டிக்கு வெளியே வையுங்கள். கையெழுத்து வந்த கவரையும் முத்திரையோடு அதே உறையின் பின்பக்கம் செருகிவையுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பெட்டி இருக்க வேண்டிய இடம் பரணுக்கும் இடுப்புக்கும் நடுவில். 2015 வெள்ளத்தில் கடலூரிலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியிலும் தரைத்தளத்தில் கீழ்த்தட்டில் இருந்த காகிதம் எதுவும் தப்பவில்லை. பரணில் வைத்தால் ஓட்டு வீட்டில் ஒழுகும், மாடி வீட்டில் கோடை வெப்பம் உறையை அட்டையோடு ஒட்டவைக்கும். உள்சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டு போதும். புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியைக் கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, நில ஆவணங்களோடு மேலே ஏற்றுங்கள்.